கணுக்காலைக் குறை சொல்லாதீர்கள்

டொராண்டோவில் குளிர் தொடங்கியதும் நகராட்சியின் ஐஸ் அரங்கங்களில் சனி, ஞாயிறு கூட்டம் அலைமோதும். ஸ்கார்பரோ பக்கம் நம்மவர்களையும் நிறையப் பார்க்கலாம். பிள்ளையை வகுப்பில் விட வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்றே வருடங்களைக் கழித்துவிட்டு, 'நாமும் இறங்கினால் என்ன' என்று நாற்பதில் துணிந்தவர்கள் அவர்களில் பலர். இரண்டு சுற்று வருவதற்குள் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு இது சரிவராது. கணுக்கால் பலமில்லை."

கணுக்காலைப் பழிக்குமுன் காலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாடகைக்கு எடுத்த பூட்ஸ், இல்லாவிட்டால் வழக்கமாகப் போடும் சப்பாத்தின் அளவைக் கொடுத்து இணையத்தில் வாங்கிய வெள்ளை பூட்ஸ். மேல்கொக்கி வரை லேஸை இறுக்கித்தான் கட்டியிருப்பார்கள். ஆனாலும் ஒவ்வோர் அடிக்கும் உள்ளே குதிகால் ஏறி இறங்கும். பாதம் உள்பக்கம் சாயும். தொளதொளத்த பூட்ஸும் கூடவே மடியும். பிளேடு நிமிர்ந்து நிற்காமல் படுத்துவிடும். நல்ல திடமான கணுக்காலும் அதற்குள் தடுமாறத்தான் செய்யும். ஒற்றைக் காலில் சத்தமில்லாமல் வழுக்கிப்போகும் அந்தச் சுகத்தை ஒருமுறைகூட அனுபவிக்காமல் இத்தனை பேர் விலகிப்போகிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வாரம் ஒருமுறை போகிறவருக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. போட்டிக்குப் பயிற்சி எடுப்பவரின் பக்கத்தில் பயிற்சியாளர் இருக்கிறார். பூட்ஸ் சரியில்லை என்றால் அவர் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். பொழுதுபோக்காகப் போகிறவருக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. அவர்தான் கூடுதலாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒருகாலத்தில் அன்றாடம் போடும் சப்பாத்தின் அடியில் பிளேடை வாரால் கட்டிக்கொண்டு சறுக்கினார்கள். 1860களில் அமெரிக்க நடனக் கலைஞர் ஜாக்சன் ஹெய்ன்ஸ் பிளேடை பூட்ஸோடு திருகாணியால் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டார். துள்ளவும் சுழலவும் அவருக்குப் பிளேடு காலின் பகுதியாகவே ஆக வேண்டியிருந்தது. கால் பூட்ஸுக்குள் ஆடினால், ஹெய்ன்ஸ் ஒழித்த அந்த வார்க்கட்டுக்கே நாம் திரும்பிப் போய்விடுகிறோம்.

சென்ற குளிரில் தோழி ஒருவரோடு, ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கென்றே உள்ள கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். ஃபிட்டர் அவரை உட்காரவைத்து அளக்கவில்லை. மெல்லிய காலுறையோடு வெள்ளைத் தாளின்மேல் நிற்கச் சொன்னார். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்தார். உடம்பின் எடை இறங்கும்போது பாதம் நீளும், அகலும். உட்கார்ந்து எடுத்த அளவு ஐஸில் நிற்கும்போது செல்லாது. அடுத்து விரல்களுக்குப் பின்னால் பாதம் மிக அகன்றிருக்கும் இடத்தில் நாடா, அப்புறம் குதிகால், அப்புறம் கணுக்காலின் சுற்றளவு. வலது பாதம் இடதைவிட நாலு மில்லிமீட்டர் நீளம். முன்பாதம் அகலம், குதிகால் ஒடுக்கம். வெளியில் எட்டாம் நம்பர் சப்பாத்துப் போடுபவருக்கு உள்ளேயிருந்து ஆறரை வந்தது. "இது என்ர மகளின்ட அளவெல்லோ!" என்று என்னைப் பார்த்தார். கால் கச்சிதமாக உள்ளே போனது.

ஜாக்சன், ரீடெல் போன்ற வட அமெரிக்க பூட்ஸ்களில் பெரும்பாலானோருக்கு வெளிச் சப்பாத்தைவிட ஒன்று, ஒன்றரை அளவு குறைவாகவே பொருந்தும். இத்தாலியின் எடியா நம்பரை விட்டுவிட்டு பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் கேட்கிறது. நீளம் மட்டும் போதாது, அகலமும் வேண்டும். ஒரே நீளத்தில் ஒடுக்கம், நடுத்தரம், அகலம் என்று பல வகை கிடைக்கும். அகலப் பாதக்காரர் ஒடுக்கமான பூட்ஸில் விரல் நசுங்குகிறதென்று நீளத்தைக் கூட்டி வாங்கினால், விரலுக்கு இடம் கிடைக்கும், குதிகால் மிதக்கும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

கடையிலேயே செய்துபார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பூட்ஸைப் போட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். விரல் பக்கம் லேஸ் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். பாதம் மேலே திரும்பும் வளைவில்தான் நன்றாக இறுக்க வேண்டும். மேல்கொக்கிகளில் மறுபடி கொஞ்சம் தளர்த்துங்கள். அங்கேயும் இறுக்கினால் முழங்கால் மடங்காது. நிமிர்ந்து நிற்கையில் விரல்நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும், மடங்கக் கூடாது. முழங்காலை மடக்கினால் அந்தத் தொடுகையும் விலக வேண்டும். குனிந்தாலும், முன்னங்காலில் எழும்பினாலும் குதிகால் அசையக் கூடாது. லேஸின் இரு வரிசைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றால் பூட்ஸ் உங்களுக்கு அகலம் அதிகம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. "வளருற பிள்ளைதானே, ரெண்டு வருசத்துக்குப் போடட்டும் அக்கா" என்று இரண்டு அளவு பெரிதாக எடுக்கும் தாய்மாரின் கஷ்டம் புரிகிறது, பூட்ஸ் மலிவில்லை. ஆனால் அரை அளவுக்கு மேல் இடம் விட்டால் பிள்ளை பிளேடின் விளிம்பில், அதாவது எட்ஜில், நிற்கவே பழகாது. பல கிளப்புகளில் பழைய பூட்ஸ் விற்பனை நடக்கும். சரியான அளவில் பழையது, பெரிய அளவில் புதியதைவிட எவ்வளவோ மேல். வாங்குமுன் கணுக்கால் பகுதியை இரு கைகளாலும் அழுத்திப் பாருங்கள். ஆழமான மடிப்பு விழுந்து, துணிபோல மடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

நல்ல பூட்ஸும் முதலில் சில இடங்களில் அழுத்தும். இப்போது வரும் பலவற்றைச் சிறு அடுப்பில் சில நிமிடம் சூடாக்கி, இளகியதும் காலில் போட்டு லேஸ் கட்டி, ஆறும்வரை அசையாமல் உட்காரவைப்பார்கள். காலின் வடிவத்துக்கு அது படிந்துவிடும். கணுக்கால் எலும்போ, பெருவிரலடியில் புடைத்த மூட்டோ இடித்தால், அந்த இடத்தை மட்டும் கருவி கொடுத்து வெளிப்புறம் தள்ளித் தருவார்கள். முன்பக்கத் தசைநாரில் லேஸ் அழுத்தி வரும் வலியை அலட்சியம் செய்யாதீர்கள். பூட்ஸின் நாக்கை நடுவில் சரிசெய்து, லேஸ் கட்டும் விதத்தை மாற்றிப் பாருங்கள். பொதுவான இறுக்கம் சில வாரங்களில் பழகிப்போகும். பாதம் மரத்துப்போவதும் குறிப்பிட்ட ஓரிடத்தில் குத்துவதும் பழகாது. அதைச் சகித்துக்கொள்ளாமல் கடைக்குத் திரும்பிப் போங்கள்.

அடுத்தது விறைப்பு. இதில் ஆசைதான் எதிரி. தொலைக்காட்சியில் பார்க்கும் வீரர்கள் போடும் பூட்ஸ், மூன்று, நான்கு சுழற்சித் தாவல்களிலிருந்து இறங்கும் அதிர்வைத் தாங்கச் செய்தது. முன்னுக்கும் பின்னுக்கும் சறுக்கி, திரும்பி, மெல்லச் சுழலக் கற்கும் ஒருவர் அதைப் போட்டால் கணுக்கால் மடங்காது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்காலும் மடங்காது, எடை பின்னால் போகும், ஆள் பின்பக்கமாய் விழுவார். மலிவான மெல்லிய பூட்ஸோ வளர்ந்தவரின் எடைக்கு ஒரு பருவத்திலேயே தொய்ந்துவிடும். எனவே உங்கள் எடையையும், வாரத்தில் எத்தனை மணி நேரம் போகிறீர்கள் என்பதையும், இன்று உண்மையில் என்ன தாவுகிறீர்கள் என்பதையும் ஒளிக்காமல் ஃபிட்டரிடம் சொல்லுங்கள். நிறுவனங்கள் விறைப்புக்கு எண் போடுகின்றன. ஒருவருடைய 50 இன்னொருவருடைய 50 ஆகாது.

ஒன்டாரியோக்காரர்களுக்கு ஜாக்சன் பூட்ஸின் பெயரில் ஒரு பாசம் உண்டு. ஓஷாவாவில் பிறந்த டொனால்ட் ஜாக்சன் 1962இல் பிராக் உலகப் போட்டியில் ட்ரிபிள் லட்ஸ் தாவலைப் போட்டிக் களத்தில் முதன்முதலாகச் செய்துகாட்டிப் பட்டம் வென்றவர். அந்தப் பாசம் நியாயமானதுதான். ஆனாலும் உங்கள் குதிகாலுக்கு எடியாவோ ரிஸ்போர்ட்டோ பொருந்தினால் அதையே எடுங்கள்.

பிளேடுக்கு வருவோம். ஆரம்பநிலை பூட்ஸ் பெரும்பாலும் பிளேடு பொருத்தியே வரும், அதுவே போதும். தனியாக வாங்கும் நிலை வந்தால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்யும் ஜான் வில்சன், எம்கே பெயர்கள் காதில் விழும். பிளேடின் அடிப்பக்கம் நேர்கோடல்ல. பெரிய வட்டமொன்றின் சிறு துண்டு. அந்த வளைவுக்குப் பெயர் ராக்கர். ஜான் வில்சனின் கொரனேஷன் ஏஸில் அதன் ஆரம் 7 அடி, பேட்டர்ன் 99இல் 8 அடி. பொழுதுபோக்காளருக்கு இரண்டில் எதுவும் பழகிவிடும். பழகியபின் மாற்றினால்தான் சிரமம். நுனியிலுள்ள பற்களான டோ பிக் தாவவும் சுழலவும் உதவுவது, நிறுத்துவதற்கானதல்ல.

பொருத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. பிளேடை முதலில் சில திருகாணிகளால் தற்காலிகமாக மாட்டித் தருவார்கள். ஐஸில் ஒற்றைக் காலில் நேராகப் போய்ப்பாருங்கள். எவ்வளவு கவனமாக நின்றாலும் ஒரே பக்கம் இழுத்தால் பிளேடை ஒரு மயிரிழை நகர்த்த வேண்டும். சரியான பிறகே மீதித் துளைகள். 'கணுக்கால் பலமில்லை' என்று கருதிய சிலருக்கு இந்த நகர்த்தலே போதுமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

பிளேடின் அடியில் நீளவாக்கில் குழிவு ஒன்று ஓடும். வாய்க்காலின் இரு கரைபோல அதன் இருபக்கமும் நிற்பவைதான் உள் எட்ஜும் வெளி எட்ஜும். கூர் போடும்போது குழிவின் ஆரத்தைக் கேட்பார்கள். அரை அங்குலம் பெரும்பாலானோருக்குச் சரியான தொடக்கம். 7/16க்கு இறங்கினால் குழிவு ஆழமாகும், பிடிப்பு கூடும். புதிய பிளேடையும் கூர் போட்ட பிறகே ஐஸில் இறக்குங்கள். பிறகு சுமார் இருபது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை. ஃபிகர் பிளேடு தெரிந்தவரிடமே கொடுங்கள். ஹாக்கி பிளேடு மட்டுமே போட்டுப் பழகியவர், கீழே இருக்கும் பெரிய பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடக்கூடும். அது திரும்ப வராது.

ஐஸைவிட்டு வந்ததும் பிளேடையும் திருகாணிகளின் ஓரத்தையும் உலரத் துடையுங்கள். ஷெஃபீல்டு எஃகு துருப்பிடிக்கும். நடக்க பிளாஸ்டிக் உறை, பையில் வைக்கத் துணி உறை. ஈரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் பூட்டிவைக்காதீர்கள். கூர் போட்டு வாங்கும்போது கடையைவிட்டு வெளியேறுமுன் பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து, நேரான நாணயம் ஒன்றை இரு எட்ஜுகளின் மேலும் குறுக்காக வைத்துப் பாருங்கள். அது ஒருபக்கம் சரிந்தால் ஓர் எட்ஜ் உயரம், மற்றது தாழ்வு. அங்கேயே காட்டி, மறுபடி போட்டுத் தரச் சொல்லுங்கள்.