குலுக்கலை எண்ணினால் கோளாறு தெரியும்

மாணவர்களே, மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து போகும்போது, ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் கைப்பிடி இடமும் வலமுமாக ஆடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? வேகம் கூடினாலோ குறைந்தாலோ ஆட்டம் அடங்கிவிடும். "பழைய வண்டி, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். கோளாறு எங்கே என்பதை அந்த ஆட்டமே காட்டிக் கொடுக்கும்.

முதலில் ஒரு கணக்கு. கப்சாய் வண்டியின் 17 அங்குலச் சக்கரம், டயரோடு சேர்த்து, ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.75 மீட்டர் உருளும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். அதை 1.75ஆல் வகுத்தால், சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 9.5 முறை சுற்றுகிறது. இயந்திரமோ நிமிடத்திற்கு 6,000 முறை சுழன்றால், வினாடிக்கு 100 முறை.

ஆகவே, கைகள் மரத்துப்போகும்படி வரும் மெல்லிய அதிர்வு இயந்திரத்தினுடையது. கைப்பிடியே குலுங்குவது சக்கரத்தின் வேலை. ஐயம் இருந்தால், வண்டி ஓட்டும் பெரியவரை அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அதிர்வு மாறினால் காரணம் இயந்திரம். மாறாவிட்டால் சக்கரத்தைப் பாருங்கள்.

சரி, ஏன் ஒரு வேகத்தில் மட்டும் ஆட்டம்? ஊஞ்சலை அதன் தாளத்திற்கேற்பத் தள்ளினால் சிறு விசையே அதை உயரத் தூக்கும். இதுதான் ஒத்ததிர்வு. படிவம் 4 இயற்பியலில் அலைகள் பாடத்தில் வரும். முன்சக்கரமும் கைப்பிடியும் சேர்ந்த பகுதிக்கும் ஓர் இயல்பான தாளம் உண்டு: வினாடிக்கு ஏறக்குறைய 6 முதல் 10 முறை. மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டரில் சக்கரம் சுற்றும் எண்ணிக்கையும் இதுவே! சமநிலை இல்லாத சக்கரம், ஒவ்வொரு சுற்றிலும் ஊஞ்சலைத் தள்ளுவதுபோலத் தள்ளுகிறது.

இனிச் சோதனை. இயந்திரத்தை நிறுத்தி, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஒருவர் பின்பகுதியை அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும்.

1. ரிம்மின் ஓரத்தில் பென்சில் முனையை அசையாமல் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது.

2. முன் ஃபோர்க்கின் அடிப்பகுதியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று அசைந்தால் கைப்பிடித் தண்டின் பேரிங் தளர்ந்திருக்கலாம்.

3. கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள். நடுவில் சிக்கி நின்றால் அந்தப் பேரிங் தேய்ந்துவிட்டது.

4. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை அளந்து பாருங்கள்.

வண்டி முழுவதும் பாம்புபோல மெதுவாக நெளிந்தால், பின்பக்கத்தைக் கவனியுங்கள். பின் டயரில் காற்றுக் குறைவு, பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் தேய்மானம், பின்னால் ஏற்றிய அதிகச் சுமை ஆகியவை வழக்கமான காரணங்கள்.

ஓடும்போது ஆட்டம் வந்தால் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. கைப்பிடியை முறுக்கி அடக்கவும் கூடாது. எண்ணெய் கொடுப்பதை மெல்லக் குறைத்து வேகம் தணிய விட வேண்டும். ஆட்டம் நிற்கிறதா என்று பார்க்கக் கைகளை விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து.

பழுதைச் சரிசெய்வது பட்டறைக்காரர் வேலை. ஆனால் "வண்டி ஆடுகிறது" என்று மட்டும் சொல்லாமல், "50இல் ஆடுகிறது, கியர் மாற்றினாலும் நிற்கவில்லை, ஃபோர்க்கில் 'டக்' என்கிறது" என்று அப்பா சொல்லும்படி செய்யுங்கள். பட்டறைக்காரர் நேராக அந்தப் பேரிங்கில் கைவைப்பார்.