தீக்குச்சியும் வால்வு டியூபும்

மறுபயனீடு பற்றி எழுதச் சொன்னால், 'குப்பையைக் குறைப்போம்' என்று முடித்துவிடுகிறீர்களா? கருத்து சரிதான், ஆனால் சான்று எங்கே? முதலில் ஒன்றைச் செஞ்சு பாருங்க.

ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, 1978இல் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்தில் சேர்ந்தார். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகினார். நான்கு குச்சிச் சதுரம் தள்ளினால் சாயும். மூன்று குச்சி முக்கோணம் வடிவம் மாறாது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளில், துணி சுற்றிவந்த காலி அட்டைக் குழாய்களைக் கேட்டுப் பாருங்க. நான்கை வெட்டிக் கயிற்றால் சதுரமாகக் கட்டினால் ஆடும். மூலைக்கு மூலை ஒரு நீளக் குழாயைச் சேர்த்துக் கட்டுங்கள், சட்டம் உறுதியாகிவிடும். ஏன்? இப்போது உள்ளே இரண்டு முக்கோணங்கள்!

அந்த 'ஏன்'தான் உங்கள் கட்டுரைக்குச் சான்று.