120 ராத்தல் மீன் வாழ்ந்த காவிரியில் குஞ்சுக்குப் பஞ்சம்!

பெங்களூர் ரசல் மார்க்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். ஒரு ரோகு மீனைவிட இன்னொன்று இரண்டு மடங்கு நீளம் இருந்தால், அதன் எடையும் இரண்டு மடங்கா? இல்லை. ஏறத்தாழ எட்டு மடங்கு!

கால் கிலோ மீன் இரண்டு மடங்கு நீளம் வளர்ந்தால், இரண்டு கிலோ மீனாகி விடும்.

காரணம் எளிது. மீன் நீளத்தில் மட்டும் வளருவதில்லை. உயரத்திலும் பருமனிலும் சேர்ந்தே வளருகிறது. இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு. இந்தக் கணக்குக்கு மேல் எடை இருந்தால், மீன் வளர வளரக் கொழுக்கிறது என்று அர்த்தம். குறைந்தால், மெலிகிறது.

எப்படி அளக்கிறார்கள்?

மூக்கு நுனியில் இருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம் எடுப்பார்கள். வால் துடுப்பு அடிக்கடி கிழிந்து போவதால், பல ஆராய்ச்சிகளில் அதைச் சேர்ப்பதில்லை. பிறகு தலையின் நீளம், கண்ணின் அகலம், உடலின் உயரம் எல்லாவற்றையும் குறிப்பார்கள். விலாவில் ஓடும் கோட்டின் மீது எத்தனை செதில்கள் என்றும் எண்ணுவார்கள். மரத்தின் வயதை வளையம் காட்டுவது போல, செதிலில் உள்ள வளையங்களும் மீனின் வயதை அறிய உதவும்.

இந்த அளவுகள் காவிரியில் ஒரு சோகக் கதையை வெளிப்படுத்தி இருக்கின்றன.

காவிரியின் ராட்சதன்

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது மகசீர் மீன். காவிரியில் மட்டும் வாழும் ஒரு வகைக்கு முதுகு கூனியிருக்கும். துடுப்பு செம்மஞ்சள் நிறம். விலங்குகளைப் பாடம் செய்வதில் புகழ் பெற்ற மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், 1946-ம் ஆண்டு கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்த மகசீரின் எடை 120 ராத்தல். அதாவது 54 கிலோ!

இவ்வளவு புகழ் பெற்ற மீனுக்கு 2018-ம் ஆண்டு வரை அறிவியல் பெயர் உறுதியாகவில்லை. கேரளத்தில் பிறந்து அமராவதியாக ஓடும் பாம்பாற்றில் கிடைத்த இளம் மீன்களை அளந்து, 2007-ல் ஒரு புதிய இனம் அறிவிக்கப்பட்டது. பெயர் ‘டார் ரெமாதேவி’. பிறகு, நீலகிரி அடிவாரத்தில் ஓடும் மாயாற்றில் கூன் முதுகு மீன்களைப் பிடித்து, உடல் அளவுகளையும் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே இனம் என்று தெரிந்தது.

பெயர் கிடைத்த அதே 2018-ல், அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.

எடை கூடியது ஏன்?

சிவசமுத்திரத்துக்குக் கீழே, கலிபோரே பகுதியில் தூண்டில்காரர்கள் மீனைப் பிடித்து, எடையைக் குறித்துக்கொண்டு, மறுபடி ஆற்றில் விட்டு வந்தார்கள். 1998 முதல் 2012 வரை 6,000-க்கும் அதிகமான மகசீர்கள் இப்படிப் பதிவாயின.

அந்தக் குறிப்புகளை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. கூன் முதுகு மகசீர் அகப்படுவது ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. ஆனால் சராசரி எடை கூடிக்கொண்டே போனது!

எடை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லது அல்ல. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இளையவர்கள் எல்லோரும் வெளியேறிவிட்டால், ஊரின் சராசரி வயது கூடத்தான் செய்யும். ஆற்றிலும் அப்படியே. குஞ்சுகள் பிழைத்து வரவில்லை. கிழட்டு மீன்கள் மட்டுமே மிஞ்சின.

அதே குறிப்பில் இன்னொரு மீனும் இருந்தது. மகாராஷ்டிர மாநிலம் லோனாவாலா பொரிப்பகத்தில் உற்பத்தியாகி, மகசீர் இனத்தைப் பெருக்கும் நல்ல எண்ணத்தோடு காவிரியில் விடப்பட்ட நீலத் துடுப்பு மகசீர் அது. அதன் எண்ணிக்கை பெருகியது; சராசரி எடை குறைந்தது. அதாவது, அதன் குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன. வந்த மீன் பெருக, சொந்த மீன் அருகியது.

அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல் ஆகியவையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. வெடிக்குப் பெரிய மீன், குஞ்சு என்ற வேறுபாடு கிடையாது.

மாயாற்றில் இந்த இனம் இன்னும் இருப்பதுதான் ஒரு நம்பிக்கை. அந்த ஆறு பவானியில் கலந்து காவிரியைச் சேருகிறது.

இனிமேல் காவிரியில் 54 கிலோ மீன் அகப்பட்டால் அது அதிசயம். ஒரு சாண் நீளமுள்ள கூன் முதுகு மகசீர்க் குஞ்சுகள் கூட்டமாகத் தென்பட்டால், அதுதான் நல்ல செய்தி.