நகரம் ஐந்து, நிறம் மூன்று

2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி, மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. இந்தப் பிரிவினையின் லாப நஷ்டங்களை அரசியல் ஞானமுள்ளவர்கள் விவாதிக்கட்டும். கணித சாஸ்திரத்தில் சிறிது ருசியுள்ளவன் மனத்தில் புதிய நிலப்படத்தைப் பார்த்தவுடன் எழுவது வேறொரு கேள்வி. எல்லைக்கோட்டைப் பகிர்ந்துகொள்ளும் எந்த இரண்டு பகுதிகளும் ஒரே நிறம் பெறாதபடி இதற்கு வர்ணம் தீட்டக் குறைந்தது எத்தனை நிறங்கள் வேண்டும்? (ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொள்வதை எல்லையாகக் கொள்வதில்லை.)

இதற்கு விடை காணப் புகும் கணித அறிஞர் முதற்காரியமாக நிலப்படத்தையே களைந்துவிடுகிறார். ஒவ்வொரு மாநகராட்சிக்கும் ஒரு புள்ளி. எல்லை பொதுவாக உள்ள இரண்டிற்கிடையே, அந்த எல்லையைக் கடந்து செல்லும் ஒரு கோடு. ஏரிகளும், வளைந்து நெளியும் எல்லைகளும், பரப்பளவும் மறைந்து, யாருக்கு யார் அண்டைவீடு என்ற ஒரே செய்தி எஞ்சுகிறது. இவ்வமைப்புக்குக் கோட்டுரு என்று பெயர். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரையக்கூடியதாயின் அது சமதளக் கோட்டுரு. ஒவ்வொரு பகுதியும் ஒரே துண்டாக இருக்கும் வரையில், எந்த நிலப்படத்திலிருந்தும் பிறப்பது சமதளக் கோட்டுருவே.

பெங்களூரின் கோட்டுருவில் நடுவே மத்திக்குரிய புள்ளி, சுற்றிலும் நான்கு, ஆரங்கள் நான்கு, விளிம்பு நான்கு, ஆகக் கோடுகள் எட்டு. மத்திக்கு ஒரு நிறம், வடக்கிற்கும் தெற்கிற்கும் ஒன்று, கிழக்கிற்கும் மேற்கிற்கும் ஒன்று: மூன்று நிறங்களே போதும். புள்ளிகளின் தொகையிலிருந்து கோடுகளின் தொகையைக் கழித்து, கோடுகள் அடைக்கும் பிரதேசங்களை, வெளிப்புறத்தையும் ஒன்றாக எண்ணிக் கூட்டினால் 5 − 8 + 5, அதாவது 2. துண்டுபடாத எந்தச் சமதளக் கோட்டுருவிலும் இந்த இரண்டு மாறாது என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட விதி. இதிலிருந்து, ஐந்து புள்ளிகளுக்கிடையே ஒன்பது கோடுகளுக்கு மேல் வெட்டாமல் வரைய முடியாது என்பது பெறப்படும். ஐந்தும் ஒன்றையொன்று தொடவேண்டுமானால் பத்துக் கோடுகள் வேண்டும். ஆகவே ஐந்து மாநகராட்சிகளும் பரஸ்பரம் எல்லை பகிர்ந்துகொள்ளும்படி பிரிக்க எத்தனை சாமர்த்தியமுள்ள அதிகாரியாலும் இயலாது.

‘ஐந்து பகுதிகள் பரஸ்பரம் தொட முடியாதென்றால், எந்த நிலப்படத்திற்கும் நான்கு நிறங்கள் போதும் என்று தெரிந்துவிட்டதே’ எனப் பலரும் அவசரப்படுவதுண்டு. அது பிழை. ஜார்க்கண்டைப் பாருங்கள்: பீகார், மேற்கு வங்காளம், ஒடிசா, சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசம் என்ற ஐந்து மாநிலங்கள் அதை வளையமாகச் சூழ்ந்திருக்கின்றன. இந்த ஆறில் எந்த நான்கும் பரஸ்பரம் தொடுவதில்லை; ஆயினும் மூன்று நிறங்கள் போதா. ஐவர் கொண்ட வளையத்தில் இரண்டு நிறங்களை மாற்றி மாற்றி இட்டுவந்தால் கடைசி மாநிலம் மூன்றாவதைக் கேட்கும். நடுவிலுள்ள ஜார்க்கண்டுக்கு நான்காவது வேண்டும். பெங்களூரு மூன்றோடு தப்பியது அதன் வளையம் இரட்டைப்படை என்பதால்தான். இடைஞ்சல் இப்படிச் சுற்றி வளைத்தும் வரக்கூடுமாதலால், நான்கே எங்கும் போதும் என்பதற்குத் தனி நிரூபணம் தேவைப்பட்டது.

இங்கிலாந்தின் மாவட்டங்களுக்கு வர்ணமிட்ட பிரான்சிஸ் கத்ரிக்கு 1852இல் தோன்றிய இந்த வினா, அவருடைய தம்பி மூலமாகப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கனை அடைந்தது. நம் மதுரையில் 1806இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் இந்த டி மார்கன். தம்மால் விடுவிக்க முடியாத அந்தப் புதிரை அவர் உடனே கணித அறிஞர் ஹாமில்டனுக்குக் கடிதமாக எழுதினார். 1879இல் கெம்பே ஒரு நிரூபணம் வெளியிட, பதினோராண்டுகள் யாவரும் அதை நம்பியிருக்க, 1890இல் ஹீவுட் அதிலுள்ள ஓட்டையைக் காட்டினார்; ஐந்து நிறங்கள் போதும் என்பது மட்டும் மிஞ்சிற்று. 1976இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆப்பெலும் ஹாக்கெனும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளைக் கணினியால் ஒவ்வொன்றாகச் சோதித்து நான்கை நிலைநாட்டினார்கள். 2005இல் கோந்தியே என்பவர் முழு நிரூபணத்தையும் கணினியைக் கொண்டே சரிபார்த்தார். ஐயம் அகன்றது உண்மை. ஏன் நான்கு என்ற தெளிவு மட்டும் அந்த நிரூபணத்தால் நமக்குக் கிட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சித்தாந்தம் ‘ஒரே துண்டு’ என்ற நிபந்தனைக்கு உட்பட்டது என்பதை நினைக்கும்போது புதுச்சேரி நினைவுக்கு வராமலிராது. அதன் துண்டுகளில் காரைக்கால் தமிழ்நாட்டை ஒட்டியும், மாஹே கேரளத்தை ஒட்டியும், ஏனாம் ஆந்திரத்தின் நடுவிலும் கிடக்க, அனைத்திற்கும் ஒரே நிறம் வேண்டுமென்றால், பொதுவாக அத்தகைய நிலப்படத்திற்கு நான்கு நிறங்கள் போதுமென்று உறுதி கூற இயலாது. ஆனால் அண்டை மாநிலங்களான மூன்றும் கடலோர மாநிலங்களாக வாய்த்தபடியால், புதுச்சேரியின் புள்ளியைக் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் வைத்து அங்கிருந்தே மூன்று கரைகளுக்கும் கோடிழுத்தால், எந்தக் கோட்டையும் வெட்ட வேண்டியிராது. நான்கு நிறங்களே போதும்.