தட்டில் பன்னிரண்டு மணி

“சோறு ஆறு மணியில இருக்கு, பொரியல் பத்து மணியில, அப்பளம் ரெண்டு மணியில.” பரிமாறுபவர் இவ்வளவு சொன்னால் போதும். பார்வை இழந்தவர் தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு தானே சாப்பிட்டுவிடுவார். வாழை இலைக்கு இதுகூடத் தேவையில்லை. உப்புக்கும் ஊறுகாய்க்கும் அதில் இடம் என்றைக்கோ முடிவாகிவிட்டது.

பார்வை மறுவாழ்வுப் பயிற்சி என்பது பெரும்பாலும் இத்தகைய சின்னச் சின்ன வித்தைகள்தான். பார்வையின்றிப் பிறந்த குழந்தைக்குப் பள்ளி உண்டு. பாளையங்கோட்டையில் 1890 முதலே உண்டு. ஐம்பது வயதில் சர்க்கரை நோயாலோ கண் நீர் அழுத்தத்தாலோ பார்வை போனவருக்குத்தான் போக்கிடம் தெரிவதில்லை. ‘இனி வைத்தியம் இல்லை’ என்று டாக்டர் கைவிரித்ததும், அடுத்த ஆஸ்பத்திரி, நாட்டு மருந்து, வேண்டுதல் என்று வீட்டார் அலைகிறார்கள். அவரோ நாற்காலியோடு நாற்காலியாகிவிடுகிறார். வைத்தியம் முடிந்த அன்றே பயிற்சிக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

முதல் வேலை, மிச்சமிருக்கும் பார்வையை அளப்பது. கண்ணாடி போட்ட பிறகும், மற்றவர்கள் 60 மீட்டரிலிருந்து காண்பதை 3 மீட்டருக்குள் வந்தால்தான் காண முடியும் என்ற நிலைக்கும் கீழே போனால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது பார்வையின்மை. பார்வைப் பரப்பு 10 பாகைக்குள் சுருங்கினாலும் அப்படியே. இந்த இரண்டாம் வகையினர் செல்போனில் பொடி எழுத்தைப் படிப்பார்கள். பக்கத்தில் இருக்கும் தூணில் மோதிக்கொள்வார்கள். கையில் வெள்ளைக்கோலுடன் பேருந்தில் போன் பார்ப்பவரை ‘நடிக்கிறான்’ என்று நாம் முணுமுணுப்பது இது தெரியாததால்தான். குறைபார்வைக்காரருக்கு உருப்பெருக்கியும் நல்ல வெளிச்சமும் உதவும். வெள்ளைத் தட்டில் இட்லி அவர் கண்ணில் படாது. கறுப்புத் தட்டில் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பார்வை மங்கிய சிலருக்கு, இல்லாத ஆட்களும் பூக்களும் கோலங்களும் கண்முன் தெரியும். பைத்தியம் என்பார்களோ, பேய் பிடித்தது என்பார்களோ என்று பயந்து வெளியே சொல்லமாட்டார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் சார்லஸ் போனே, தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை வைத்து 1760இலேயே இதை எழுதிவிட்டார். கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானே படம் வரைந்துகொள்கிறது. டாக்டரிடம் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். காரணம் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

அடுத்தது நடமாட்டம். மார்பெலும்பு வரை எட்டும் நீளக்கோல், இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறை. இடது கால் முன்னே போகும்போது கோல் வலது பக்கம் தட்டும். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்னதாகவே தொட்டுப் பார்த்துவிடும். நடைபாதையில் பைக் நிறுத்துபவர்களை ஹூவர் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்.

பணம் எண்ணுவதற்கும் பயிற்சி உண்டு. 100 ரூபாய் நோட்டுக்கும் 200 ரூபாய் நோட்டுக்கும் நீள வித்தியாசம் 4 மில்லிமீட்டர்தான். ஓரத்தில் மேடான கோடுகள் இருக்கின்றன, ஆனால் நோட்டு பழசானால் தேய்ந்துவிடுகின்றன. 2020இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ‘மணி’ செயலி, கேமரா முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். கணினித் திரையை வாசித்துக்காட்டும் இலவச மென்பொருளான என்விடிஏ, பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கியது.

எங்கே தொடங்குவது? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு இருக்கிறதா என்று கேட்கலாம். தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் சென்னை பூந்தமல்லியில் இருக்கிறது.

வீட்டாருக்கும் ஒரு பாடம் உண்டு. அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். அரை அடி பின்னால் வருவார். படி வந்தால் ஒரு நொடி நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்று மட்டும் சொல்லுங்கள்.