வேலி நத்தையை இடம் மாற்றும் முன்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்று வட்டாரத்தில் வேலி ஓரம், பனையடி, ஏரிக்கரைப் புதர் எங்கும் நத்தைகள் ஊர்வதைக் காணலாம். தை, மாசியில் ஈரம் சுண்டியதும் அவை கண்ணில் படாமல் போகும். செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஓட்டின் வாயை மெல்லிய ஏடு போன்ற திரையால் மூடிக்கொண்டு, மரப்பட்டையிலோ கல்லிடுக்கிலோ ஒட்டி, அடுத்த மழை வரை அவை உறங்குகின்றன.

கோடையைத் தாங்க இயற்கை கொடுத்த இந்த உறக்கமே இப்போது அவற்றுக்கு எமனாகி வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் வந்தது. பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் பூங்காக்கள் பெருகின. புஞ்சையும் காரைப் புதரும் மட்டமாக்கப்படுகின்றன. காய்ந்த மாதத்தில் பொக்லைன் இறங்கினால் கீரி ஓடிவிடும், பாம்பு ஓடிவிடும், உறங்கும் நத்தை ஓடாது. மேல்மண்ணோடு மண்ணாக அது போய்விடும்.

இவற்றைப் பொறுக்கி வேறு இடத்தில் விட்டால் என்ன என்று கிராமத்து இளைஞர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கேட்பது நியாயமே. ஆனால் எந்த நத்தை என்று பாராமல் இதில் இறங்கினால், பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரரின் வயிற்றில் அடித்த கதையாகிவிடும்.

தென்னிந்தியச் சமவெளியின் சொந்த நத்தைகளில் அதிகம் காணப்படுவது 'கிரிப்டோசோனா பிஸ்ட்ரியாலிஸ்'. ஓடு தட்டையாக, உருண்டையாக இருக்கும். குறுக்களவு ஓர் அங்குலத்தை ஒட்டியிருக்கும். வெளிர் நிற ஓட்டில் பழுப்புக் கோடு சுற்றி ஓடும். மற்றது ராட்சத ஆப்பிரிக்க நத்தை. இதன் ஓடு கூம்பு போல நீண்டு முனை கூர்ந்திருக்கும். அகலத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீளம். பழுப்பு நிறத்தில் நெடுக்கு வரிகள் தெரியும். வளர்ந்தது கைக்குள் அடங்காது. குஞ்சுப் பருவத்தில்தான் ஏமாந்துபோக இடமுண்டு. அப்போது அளவைப் பார்க்காமல், ஓடு தட்டையா கூம்பா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

ஆப்பிரிக்க நத்தை இந்தியாவுக்குத் தானாக வரவில்லை. 1847-ல் பென்சன் என்பவர் மொரீஷியஸ் தீவிலிருந்து கொண்டுவந்த நத்தைகள் கல்கத்தா சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அவர் நத்தைகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர் என்பதுதான் வேடிக்கை. இன்று கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இது பரவியிருக்கிறது. வாழை, பப்பாளி, காய்கறி என 500-க்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தின்னும். ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே உடலில் இருப்பதால் ஒவ்வொன்றும் முட்டையிட வல்லது. ஓர் ஈட்டில் நூற்றுக்கு மேல், சில சமயம் இருநூறு முந்நூறு முட்டைகள் கூட இடும். மிளகளவுள்ள அந்த முட்டைகள் மண்ணுக்குள் கிடக்கும். நாற்றுப் பண்ணைத் தொட்டியோடும் லாரி மண்ணோடும் அவை ஊர்விட்டு ஊர் போவது இப்படித்தான். ஆலை வாசலில் புல்தரை போடவும் அழகுச்செடி நடவும் வெளியூரிலிருந்து மண்ணும் தொட்டிகளும் வந்து இறங்கும் வட்டாரம் இது. எனவே அங்கிருந்து கழித்துப் போட்ட தொட்டிச் செடியை இனாமாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வருமுன் மண்ணை உதிர்த்துப் பார்ப்பது நலம்.

ஆப்பிரிக்க நத்தை என்று தெரிந்தால் இரக்கத்துக்கு இடமில்லை. மாலையில் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலையைப் போட்டு வைத்தால் இரவில் வந்து கூடும். விடியுமுன் கையுறையோடு பொறுக்கி, வாளியில் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று ஆழப் புதைக்க வேண்டும். உப்பை வயலில் தூவக் கூடாது, மண் கெடும். வெறுங்கையால் தொடவும் கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளநிலை இந்த நத்தையின் உடலில் இருக்கக்கூடும். அது மனிதருக்குள் போனால் மூளைச் சவ்வு அழற்சியை உண்டாக்கும். மெட்டால்டிஹைடு குருணை மருந்து நத்தையைக் கொல்லும் என்பது சரிதான். ஆனால் அது சொந்த நத்தை, வந்த நத்தை என்று பிரித்துப் பார்க்காது. வீட்டு நாய் தின்றாலும் சாகும்.

நத்தையைக் கொண்டே நத்தையை ஒழிக்கப் பார்த்தவர்கள் பட்ட பாடும் தெரிந்துகொள்ளத் தக்கது. பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவில் ஆப்பிரிக்க நத்தையை அடக்க, மற்ற நத்தைகளைத் தின்னும் ஓர் அமெரிக்க நத்தையை 1977-ல் கொண்டுவந்து விட்டார்கள். அது ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு, தீவுக்கே உரிய 'பார்ட்டுலா' என்ற சின்ன மர நத்தைகளைத் தின்று தீர்த்தது. பத்தே ஆண்டுகளில் அவை அந்தத் தீவின் காட்டில் இல்லாமல் போயின. முன்யோசனையோடு சிலவற்றைப் பிடித்து லண்டன் உள்ளிட்ட விலங்குக் காட்சிச் சாலைகளில் வளர்த்ததால் வித்து மிஞ்சியது. 2015 முதல் அவற்றை ஓட்டில் வண்ணப் பொட்டு வைத்துத் தீவுகளில் திரும்ப விட்டு வருகிறார்கள்.

நியூசிலாந்தில் நடந்தது இன்னும் நெருக்கமானது. நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஒரு மலை உச்சி வெட்டப்பட்டபோது, அங்கே மட்டுமே வாழ்ந்த நத்தை இனம் ஒன்று அழியும் நிலை வந்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நத்தைகளைப் பொறுக்கினார்கள். ஒரு பகுதியை வேறு மலைச்சரிவில் விட்டு, மீதியைக் குளிர்ப்பெட்டிகளில் வைத்துக் காத்தார்கள். 2011-ல் குளிரூட்டும் கருவி பழுதாகி சுமார் 800 நத்தைகள் உறைந்து செத்தன. பணமும் படிப்பும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை. பிடிப்பது அரை நாள் வேலை. பிழைக்க வைப்பதுதான் வேலை.

இந்தச் சிறு பிராணிக்கு இத்தனை பாடு ஏன் என்று கேட்கலாம். உதிர்ந்த சருகை அரைத்து மண்ணுக்குத் திருப்பித் தருவதில் நத்தைக்குப் பங்குண்டு. அதன் ஓடு சுண்ணாம்புச் சத்து. நெதர்லாந்தில் மண் புளித்து நத்தைகள் குறைந்தபோது, சிறு பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து உடைந்ததை 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். இங்கே செம்போத்துக்கு நத்தை விருப்பமான இரை. நாட்டு நத்தை பரம சாது என்று சொல்லிவிடவும் முடியாது. மழை நாளில் இளநாற்றைக் கடிக்கும். ஆகவே காய்கறி நாற்றங்கால் அருகே கொண்டுவந்து விடுவது தவறு.

மனை உரிமையாளரின் அனுமதி பெற்ற பிறகே பொறுக்கப் போக வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கவோ விடவோ கூடாது. முதல் நல்ல மழைக்கு மறுநாள் விடியற்காலை பொறுக்குவது சுலபம். உறங்கும் காலத்தில் எடுக்க நேர்ந்தால் பட்டையிலிருந்து பிய்க்கக் கூடாது. ஏடு கிழிந்தால் உடல் ஈரம் வெளியேறிச் செத்துவிடும். பட்டையோடும் கல்லோடும் அப்படியே எடுக்கலாம். மூங்கில் கூடையில் காய்ந்த சருகைப் பரப்பி எடுத்துச் செல்லலாம். பாலிதீன் பை ஆகாது, புழுங்கிவிடும். மண்ணை மட்டும் உடன் அள்ள வேண்டாம். அதில் ஆப்பிரிக்க நத்தையின் முட்டை இருந்தால் செய்த புண்ணியமெல்லாம் பாவமாகிவிடும்.

விடும் இடம் அதே கிராமத்தில், அதே வகை மண்ணும் புதரும் உள்ளதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே அந்த இன நத்தை சில அங்கே தென்பட்டால் நல்ல அறிகுறி. நொச்சி வேலியடி, ஏரிக்கரையின் புதர்ச் சரிவு, பூச்சிமருந்து படாத பனந்தோப்பு ஆகியவை பொருத்தமானவை. மாலை சாய்ந்தபின் பத்துப் பத்தாகப் பிரித்து விட வேண்டும். ஒரே குவியலாகக் கொட்டக் கூடாது. ஓட்டின் மேல் நகப்பூச்சால் ஒரு சிறு பொட்டு வைத்து, எத்தனை விட்டோம் என்று குறித்துக்கொண்டால், அடுத்த மழையில் டார்ச் விளக்கோடு போய்ப் பொட்டு நத்தைகளை எண்ணலாம். பொட்டில்லாத குஞ்சுகளும் உடன் ஊர்ந்தால் இடம் ஒத்துக்கொண்டது என்று அறியலாம். கூம்பு ஓடு ஏதேனும் தட்டுப்பட்டால், இடம் மாற்றும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ மூடிய டப்பாவில் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.