எட்டாத வாயுவின் அடர்த்தியை எப்படி அளக்கிறார்கள்?

ஹட்டன் தேயிலை மலையில் மூடுபனி இறங்கினால், எதிர் லயத்து விளக்கைப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ 4.7 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், எம் 77 விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து பீறிடும் வாயுவை எப்படி அளப்பது?

கைகொடுப்பது கந்தகம். ஓர் இலத்திரனை இழந்த கந்தக அணு 671.6, 673.1 நனோமீற்றர் அலைநீளங்களில் இரண்டு சிவப்புக் கோடுகளாக ஒளிரும். முதல் கோட்டை உமிழ அணு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும். இரண்டாவதற்குச் சுமார் 20 நிமிடம் போதும். வாயு ஐதாக இருந்தால் இடையூறில்லை. முதல் கோடு மற்றதைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு பிரகாசமாக இருக்கும். நெரிசல் கூடினால், ஒளிவிடும் முன்பே இலத்திரன்கள் மோதி அணுவின் ஆற்றலைப் பறித்துவிடும். அதிக நேரம் காத்திருப்பதற்குத்தான் அடி அதிகம். விகிதம் 0.4 அளவுக்கு இறங்கும்.

கன சென்டிமீற்றருக்குப் பத்தாயிரம் இலத்திரன்களைத் தாண்டினால் இந்த அளவுகோல் பலிக்காது. வேறு கோடுகளைத் தேடவேண்டும்.

ஏன் இத்தனை கவனம்? அடர்த்தியைப் பத்து மடங்கு குறைத்துக் கணித்தால், அதே ஒளிக்கு வாயுவின் நிறை பத்து மடங்கு கூடிவிடும்.

டிசம்பர் இரவில் பனி விலகினால், நுவரெலியாவிலிருந்து சிறு தொலைநோக்கியில் திமிங்கல உடுத்தொகுதிப் பக்கம் பாருங்கள்: மங்கலான பொட்டாக எம் 77 தெரியும்.